ஸ்பீக்கர் ஊமையாகி விட்டதா? காயலாங்கடையில் போடாதீர்கள்!

பழுது எங்கே என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம்
ஒரு பேட்டரி கட்டை போதும்

சேலம்:-

வீட்டில் பாடிக் கொண்டிருந்த பெட்டி திடீரென்று ஊமையாகி விடுகிறது. அல்லது ஒரு பக்கம் பாடுகிறது, மறுபக்கம் பாடவில்லை. அல்லது பாடுகிறது, ஆனால் தொண்டை கட்டியவர் போலக் கரகரக்கிறது.

உடனே, "ஸ்பீக்கர் போச்சு, வேற வாங்கிடலாம்" என்று வீட்டில் தீர்ப்பு எழுதி விடுகிறார்கள். பழைய பெட்டி காயலாங்கடைக்குப் போகிறது. எடைக்கு எடை சில்லறை கிடைக்கிறது. புதுப் பெட்டிக்குச் சம்பளத்தில் கை வைக்க வேண்டி வருகிறது.

புதுப் பெட்டியைக் கொண்டு வந்து மாட்டினால், அதுவும் பாட மறுக்கிறது! பீரோவுக்குப் பின்னால் ஓடிய வயரை எலி கடித்து வைத்திருப்பது அப்போதுதான் தெரிகிறது.

இப்படிக் காசைக் கரியாக்காமல் இருக்க வேண்டுமானால், பழுது எங்கே இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகுதான் பர்சைத் திறக்க வேண்டும். பார்ப்பதற்குப் பெரிய படிப்பு எதுவும் வேண்டியதில்லை. நல்ல கண், நல்ல காது, டார்ச் லைட்டுக்குப் போடும் ஒரு பேட்டரி கட்டை, ஒரு துண்டு வயர். இவை போதும்.

உள்ளே என்ன இருக்கிறது?

ஸ்பீக்கரில் பெரிய மந்திரம் எதுவும் இல்லை. பின்னால் ஒரு காந்தம். அதன் நடுவே வட்டமான ஓர் இடுக்கு. அந்த இடுக்கில், மெல்லிய செம்புக் கம்பியைச் சுற்றிய காயில். காயிலோடு ஒட்டிய காகிதக் கூம்பு. இதைக் "கோன்" என்கிறார்கள்.

கோனின் ஓரத்தைச் சுற்றி நுரை, ரப்பர் அல்லது துணியால் ஆன வளையம் இருக்கும். அடியில் மடிப்பு மடிப்பான துணி வட்டு ஒன்று இருக்கும். அதற்குப் பெயர் "ஸ்பைடர்". காயில் எந்தப் பக்கமும் உரசாமல் நடுவில் பிடித்து நிறுத்துவது அதன் வேலை.

ஆம்பிளிபயரில் இருந்து வரும் மின்சாரம் காயிலில் பாய்கிறது. காயில் ஒரு காந்தமாக மாறுகிறது. பின்னால் இருக்கும் காந்தம் அதை இழுக்கிறது, தள்ளுகிறது. கோன் முன்னும் பின்னும் அசைகிறது. காற்று அதிர்கிறது. நமக்குப் பாட்டு கேட்கிறது.

வினாடிக்கு 50, 60 தடவை அசைந்தால் "தும் தும்" என்ற அடி ஓசை. பல ஆயிரம் தடவை அசைந்தால் ஜால்ராவின் "ஜல்" ஓசை.

100 வயது

காயிலையும் காந்தத்தையும் சேர்த்துச் செய்த ஒலிபெருக்கியை 1915-ம் ஆண்டிலேயே அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பீட்டர் ஜென்சன், எட்வின் பிரிதாம் என்ற 2 பேர் சோதித்துக் காட்டினார்கள். இன்று வீடுகளில் இருக்கும் கோன் ஸ்பீக்கரின் அமைப்பை, ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில் வேலை பார்த்த செஸ்டர் ரைசும் எட்வர்டு கெல்லாக்கும் 1925-ம் ஆண்டில் வெளியிட்டார்கள்.

அதற்கு 10 ஆண்டு கழித்து, 1935-ல், சேலத்தில் டி.ஆர்.சுந்தரம் மாடர்ன் தியேட்டர்சைத் தொடங்கினார். ஏற்காடு ரோட்டில் இருந்த அந்த ஸ்டூடியோ தயாரித்த "மந்திரிகுமாரி" (1950), "அலிபாபாவும் 40 திருடர்களும்" (1956) படங்களின் பாட்டுகளை மக்கள் ரேடியோவில் கேட்டதும் இதே அமைப்பு உள்ள ஸ்பீக்கரில்தான்.

தாத்தா வாங்கிய மர்பி ரேடியோ ஆனாலும் சரி, பேரன் வாங்கிய ஹோம் தியேட்டர் ஆனாலும் சரி, உள்ளே இருப்பது காந்தம், காயில், கோன். 100 ஆண்டு ஆகியும் அடிப்படை மாறவில்லை. அதனால்தான் கையால் பழுது பார்க்க முடிகிறது.

முதல் சோதனை: இடம் மாற்று!

இடது பக்கப் பெட்டி பாடவில்லை என்று வைத்துக் கொள்வோம். செட்டை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி விட வேண்டும். ஆம்பிளிபயரின் பின்புறம் இருக்கும் இடது, வலது ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றி, ஒன்று இருந்த இடத்தில் மற்றதை மாட்ட வேண்டும். பிறகு செட்டைப் போட்டு, சவுண்டைக் குறைவாக வைத்துக் கேட்க வேண்டும்.

இப்போதும் அதே இடது பெட்டிதான் ஊமையா? அப்படியானால் கோளாறு அந்தப் பெட்டியில் இருக்கிறது. அல்லது அந்தப் பெட்டிக்குப் போகும் வயரில் இருக்கிறது.

ஊமைப் பெட்டி பாடி, நன்றாகப் பாடிய வலது பெட்டி ஊமையாகி விட்டதா? அப்படியானால் 2 பெட்டிகளும் நல்ல பெட்டிகள். கோளாறு ஆம்பிளிபயரில், அல்லது அதற்குப் பாட்டைக் கொண்டு வரும் கேபிளில் இருக்கிறது. ஸ்பீக்கர் கடைக்கு நடக்க வேண்டிய வேலையே இல்லை!

கேபிளையும் இதே முறையில் பார்க்கலாம். சிவப்புப் பின், வெள்ளைப் பின் இரண்டையும் ஆம்பிளிபயர் முனையில் மட்டும் இடம் மாற்றிச் செருக வேண்டும். ஊமைப் பக்கமும் இடம் மாறினால், கோளாறு கேபிளில் அல்லது பாட்டு புறப்படும் டி.வி.யில், பிளேயரில். மாறாவிட்டால் ஆம்பிளிபயரில்.

சிரிப்பு வரும் காரணங்கள்

மெக்கானிக் கடைக்கு வரும் "பெரிய கோளாறு"களில் சில, கேட்டால் சிரிப்பு வருகிற விஷயங்கள்.

"ஏனுங்கண்ணா, ஒரு பக்கம் சுத்தமா கேக்கலீங்க."

"பேலன்ஸ் திருகைப் பாத்தீங்களா தம்பி? ஒரே பக்கமாத் திரும்பி நிக்குது பாருங்க!"

வீட்டில் குழந்தை திருகியிருக்கும். பெரியவர்கள் கவனித்திருக்க மாட்டார்கள்.

ஹெட்போன் செருகும் துளையும் ஒரு திருடன். ஹெட்போனைச் செருகினால் ஸ்பீக்கரை நிறுத்தி விடும் சிறு சுவிட்ச் பல செட்டுகளில் அந்தத் துளைக்குள் இருக்கிறது. ஹெட்போனை எடுத்த பிறகும் அந்தச் சுவிட்ச் சிக்கிக் கொண்டால் ஸ்பீக்கர் பாடாது. பின்னை 10 தடவை செருகிச் செருகி எடுத்தால் பல சமயம் சரியாகி விடும்.

டி.வி.யில் சத்தம் வரவில்லை என்றால், சத்தம் வெளிப் பெட்டிக்குப் போகும்படி செட்டிங் மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய புளூடூத் ஸ்பீக்கரோடு டி.வி. தானாகவே சேர்ந்து கொண்டு, அடுத்த அறையில் பாடிக் கொண்டிருப்பதும் உண்டு!

வயரைப் பார்!

பழுது பெட்டிப் பக்கம் என்று தெரிந்தால், அடுத்து வயர். பாடுகிற பெட்டியின் வயரைக் கழற்றிப் பாடாத பெட்டியில் மாட்டினால் விடை தெரிந்து விடும். பாடினால் வயர்தான் குற்றவாளி. ஒன்றிரண்டு மீட்டர் வயர் வாங்கினால் வேலை முடிந்தது.

வயர் அறுந்திருக்க வேண்டும் என்பது இல்லை. முறுக்கிச் செருகிய முனை நாளாவட்டத்தில் கறுத்து, பச்சை பூத்து, மின்சாரத்தைத் தடுக்கும். பிளேடால் அந்த முனையைச் சுரண்டி, செம்பு பளபளக்கும்படி செய்து, இறுக்கி முறுக்கி மாட்டினால் போதும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. முறுக்கிய முனையில் இருந்து ஒரே ஓர் இழை பிரிந்து பக்கத்து முனையைத் தொட்டு விட்டால் "ஷார்ட்" ஆகும். ஆம்பிளிபயரே கருகலாம். ஒற்றை இழை கூட வெளியே நீட்டிக் கொண்டிருக்கக் கூடாது.

பேட்டரி கட்டை சோதனை

வயரும் நல்ல வயர்தான் என்றால், சந்தேகம் ஸ்பீக்கர் மீது திரும்புகிறது. இப்போதுதான் பேட்டரி கட்டைக்கு வேலை.

பெட்டியை ஆம்பிளிபயரில் இருந்து முழுவதும் கழற்றி விட வேண்டும். 1.5 வோல்ட் பேட்டரி கட்டை ஒன்றை எடுத்துக் கொள்ள வேண்டும். ஸ்பீக்கரின் 2 முனைகளில் இருந்து வரும் வயரை, கட்டையின் 2 முனைகளிலும் ஒரு நொடி தொட்டு எடுக்க வேண்டும். தொட்டுக் கொண்டே இருக்கக் கூடாது.

"டப்" என்று சத்தம் கேட்டதா? கோன் அசைந்ததா? காயிலுக்கு உயிர் இருக்கிறது!

சத்தமே இல்லையா? காயில் அறுந்திருக்கலாம். ஆனால் அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம். முனையில் இருந்து கோனுக்குப் போகும் மெல்லிய பின்னல் கம்பிகள் 2 இருக்கின்றன. பாட்டுப் பாடும்போதெல்லாம் ஆடி ஆடி, அவை ஓரத்தில் அறுந்து விடுவது உண்டு. ஈயம் வைத்து ஒட்டினால் பிழைத்துக் கொள்ளும்.

கட்டையின் பிளஸ் முனையை ஸ்பீக்கரின் சிவப்பு முனையில் தொட்டால், பெரும்பாலான ஸ்பீக்கர்களில் கோன் வெளியே தள்ளும். ஒரு பெட்டியில் வெளியேயும் இன்னொன்றில் உள்ளேயும் போனால், பிளஸ்-மைனஸ் மாறிக் கிடக்கிறது என்று பொருள். "ரெண்டும் பாடுது, ஆனா பேஸே வரலீங்க" என்ற புகாருக்கு இதுவே பெரிய காரணம். ஒரு பெட்டி காற்றைத் தள்ளும் நேரத்தில் மற்றது இழுக்கிறது. ஒன்றை ஒன்று அடித்துக் கொள்கிறது. ஒரு பெட்டியின் வயரைத் திருப்பி மாட்டினால் அடி ஓசை திரும்பி வந்து விடும்.

பெரிய ஸ்பீக்கர்களுக்கு மட்டும்தான் இந்தச் சோதனை. உச்ச ஓசைக்கென்று தனியாக இருக்கும் சிறிய "ட்வீட்டர்" மீது இதைச் செய்ய வேண்டாம். 9 வோல்ட் பேட்டரியும் வேண்டாம்.

மீட்டர் சொல்லும் உண்மை

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சுலபம். பெட்டியின் பின்னால் "8 ஓம்ஸ்" என்று எழுதியிருந்தால், மீட்டரில் 6-க்கும் 7-க்கும் பக்கத்தில் காட்ட வேண்டும். "4 ஓம்ஸ்" என்றால் 3-ல் இருந்து 4-க்குள் காட்ட வேண்டும். 8-க்கு 8 காட்டவில்லையே என்று பயப்பட வேண்டியதில்லை. பாட்டு ஓடும்போது இருக்கும் தடை வேறு. மீட்டர் அளக்கும் தடை வேறு.

மீட்டர் அசையவே இல்லை என்றால் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. பூஜ்யம் பக்கத்தில் நின்றால் காயில் கருகி ஒட்டிக் கொண்டிருக்கிறது. அப்படிப்பட்ட பெட்டியை ஆம்பிளிபயரில் மாட்டினால், அதையும் சேர்த்துப் பலி வாங்கி விடும்.

விரல் சோதனை

பெட்டி பாடுகிறது, ஆனால் கரகரக்கிறது. இதற்கு விரல் சோதனை.

செட்டை அணைத்து விட்டு, கோனின் நடுவுக்குப் பக்கத்தில் 2 கை விரல்களையும் எதிரெதிராக வைத்து, மெதுவாக, சமமாக அமுக்கிப் பார்க்க வேண்டும். பஞ்சு போலச் சத்தமில்லாமல் போய் வந்தால் நல்லது. "சர்க் சர்க்" என்று உரசினால், காயில் காந்தத்தில் இடிக்கிறது.

பெட்டி உயரத்தில் இருந்து கீழே விழுந்திருந்தால், பின்னால் ஒட்டிய காந்தமே ஒரு பக்கம் நகர்ந்திருக்கும். கோன் அசையவே அசையாது. இதைச் சரி செய்வது கஷ்டம். ஸ்பீக்கரை மாற்றுவதே லாபம்.

உரசல் இல்லாமல், திருகும்போது மட்டும் "கொரகொர" என்றால் ஸ்பீக்கர் மீது குற்றம் இல்லை. ஆம்பிளிபயரின் சவுண்டுத் திருகில் தூசி அடைந்திருக்கிறது. அணைத்து வைத்து விட்டு, திருகை 20, 30 தடவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பினாலே ஓரளவு சரியாகும். மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய் விடும் வேலை வேண்டாம். மண்ணெண்ணெய் தீப்பிடிக்கும். தேங்காய் எண்ணெய் இன்னும் தூசியைச் சேர்க்கும். எலக்ட்ரானிக் கடைகளில் இதற்கென்றே ஸ்பிரே விற்கிறார்கள்.

எப்போதும் "ம்ம்ம்" என்ற ரீங்காரமா? பாட்டுக் கேபிளைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். ரீங்காரம் நின்றால் கேபிள் கெட்டது, அல்லது அது வந்த செட்டில் கோளாறு. நிற்காவிட்டால் ஆம்பிளிபயரின் உள்ளே கோளாறு.

வெயில், பஞ்சு, இரும்புத் தூள்

சேலம், நாமக்கல் வட்டாரத்தில் ஸ்பீக்கருக்கு எதிரிகள் அதிகம்.

முதல் எதிரி வெயில். சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தொடும் ஊர் இது. கோனைச் சுற்றியுள்ள நுரை வளையம் சூட்டிலும் ஈரத்திலும் நாளடைவில் மக்கி விடும். விரலால் தொட்டால் பழைய அப்பளம் போல உதிரும். 10, 15 ஆண்டு ஆன பெட்டிகளில் இது சகஜம். ரப்பர் வளையமும் துணி வளையமும் நுரையை விட அதிக நாள் தாங்கும். தகரக் கூரைக்கு அடியிலும், வெயில் விழும் ஜன்னல் பக்கத்திலும் பெட்டியை வைக்கக் கூடாது.

அடுத்த எதிரி பஞ்சு. அம்மாப்பேட்டை, இளம்பிள்ளை, திருச்செங்கோடு, பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் விசைத்தறி ஓடும் வீடுகளில் பஞ்சுத் தூள் எதன் மீதும் படியும். ஆம்பிளிபயரின் காற்றுத் துளைகளை அடைத்துச் சூடேற்றும். மெல்லிய துணித் திரை போட்டு, வாரம் ஒரு தடவை தட்டி விட்டால் போதும்.

மூன்றாவது எதிரி இரும்புத் தூள். நாமக்கல், திருச்செங்கோட்டில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள் நிறைய. வெல்டிங், கிரைண்டிங் நடக்கும் இடத்தில் பாட்டுப் பெட்டி இருந்தால், பறக்கும் இரும்புத் தூளைக் காந்தம் இழுத்துக் கொள்ளும். காயில் இடுக்கில் போய் உட்கார்ந்தால் கரகரப்பு நிச்சயம். பட்டறையில் பெட்டியைத் திறந்து வைத்து வேலை பார்ப்பது கூடவே கூடாது.

காகிதக் கோன் கிழிந்தால்

குழந்தை விரலை விட்டு விட்டது. எலி கடித்து விட்டது. கோனில் சிறு கிழிசல். இதற்காகப் பெட்டியை எறிய வேண்டியதில்லை.

மெல்லிய டிஷ்யூ காகிதத் துண்டை, மரத்துக்குப் போடும் வெள்ளைப் பசையில் நனைத்து, கிழிசல் மேல் ஒட்டி, ஒரு நாள் காய விட்டால் போதும். பசையை அப்பக் கூடாது. கோனின் எடை கூடினால் ஓசை மாறும்.

குச்சிக்கிழங்கு விளையும் ஊரில் மாவுப் பசைக்குப் பஞ்சம் இல்லைதான். ஆனால் ஸ்பீக்கருக்கு மாவுப் பசை ஆகாது. கரப்பான் பூச்சிக்கு அது விருந்து! ஒட்டிய இடத்தோடு கோனையும் தின்று விடும்.

நுரை வளையம் மட்டும் மக்கியிருந்தால், அளவு பார்த்து வளையம் வாங்கி மாற்றலாம். பொறுமை உள்ளவர்கள் வீட்டிலேயே செய்து விடுகிறார்கள். கோனை நடுவில் நிறுத்தி ஒட்டுவதுதான் அதில் சூட்சுமம்.

காயில் கருகினால்

காயில் கருகிய பெரிய ஸ்பீக்கருக்குக் கோனும் காயிலும் சேர்த்து மாற்ற வேண்டும். இது கைத்தொழில். கடிகாரம் பழுது பார்ப்பதற்கு வேண்டிய நிதானம் இதற்கும் வேண்டும்.

பழைய கோனை வெட்டி எடுக்கிறார்கள். காந்த இடுக்கில் இருக்கும் கரியையும் தூளையும், பசை டேப் சுற்றிய அட்டையை விட்டு விட்டு எடுக்கிறார்கள். புதுக் காயிலை இறக்கி, அது சரியாக நடுவில் நிற்பதற்காக, பழைய எக்ஸ்ரே பிலிம் போன்ற மெல்லிய துண்டுகளைச் சுற்றிலும் செருகுகிறார்கள். ஸ்பைடரையும் கோனையும் ஒட்டிக் காய விடுகிறார்கள். காய்ந்த பிறகு துண்டுகளை உருவி, மேலே மூடியை ஒட்டுகிறார்கள்.

காயிலைச் சுற்றியுள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. மயிரிழை தவறினாலும் உரசும். அவசரப்படுத்தி, "சாயங்காலமே வேணும்" என்று கேட்பவர்கள் அரைகுறையாக வாங்கிப் போகிறார்கள்.

எல்லா ஸ்பீக்கருக்கும் இது கட்டுப்படியாகாது. சின்ன டி.வி. ஸ்பீக்கர், ட்வீட்டர் போன்றவற்றுக்குப் புதுசு வாங்கிப் போடுவதே மலிவு. பெரிய காந்தம் உள்ள கனமான ஸ்பீக்கருக்குக் கோன் மாற்றுவது லாபம்.

புதுசும் கருகும்!

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். காயில் ஏன் கருகியது என்று கேட்காமல் புது ஸ்பீக்கரை மாட்டி விடுகிறார்கள். அதுவும் அன்றைக்கே கருகுகிறது.

காரணம் என்ன? ஆம்பிளிபயரின் உள்ளே ஓர் உறுப்பு பழுதாகி, பாட்டுக்குப் பதிலாக நேர் மின்சாரத்தைத் தொடர்ந்து அனுப்பும். செட்டைப் போட்டவுடன் கோன் ஒரே பக்கமாகத் தள்ளி, அப்படியே நின்றால் இதுதான் அறிகுறி. அந்த நொடியே அணைக்க வேண்டும். காயில் அடுப்பில் வைத்த கம்பி போலச் சூடாகி விடும்.

எனவே, ஸ்பீக்கர் கருகியிருந்தால் மெக்கானிக்கிடம் ஆம்பிளிபயரையும் சேர்த்துக் கொண்டு போக வேண்டும். ஸ்பீக்கர் மாட்டும் முனைகளில் நேர் மின்சாரம் வருகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். நல்ல ஆம்பிளிபயரில் அது பூஜ்யத்தை ஒட்டி, வெறும் மில்லி வோல்ட் கணக்கில்தான் இருக்கும். வோல்ட் கணக்கில் காட்டினால், முதலில் ஆம்பிளிபயருக்கு வைத்தியம்.

ட்வீட்டர் கருகுவதற்குக் காரணம் வேறு. சின்ன ஆம்பிளிபயரில் சவுண்டை முழுசாகத் திருகி வைத்தால், அது திணறிப் பாட்டை நசுக்கி அனுப்பும். அந்த நசுங்கிய ஓசையின் சூடு ட்வீட்டரைத் தின்று விடும். பாட்டு கரகரக்க ஆரம்பித்ததும் சவுண்டைக் குறைத்து விட வேண்டும்.

பெட்டியின் மேல் ஒட்டிய "ஆயிரம் வாட்ஸ்" ஸ்டிக்கரை நம்பக் கூடாது. "பி.எம்.பி.ஓ." என்று போட்டால் அது விளம்பரக் கணக்கு. "ஆர்.எம்.எஸ்." என்று போட்டிருக்கும் வாட்ஸ்தான் உண்மையான பலம்.

உஷார்! உயிர் முக்கியம்

வெறும் ஸ்பீக்கர் பெட்டியைத் திறப்பதில் உயிராபத்து இல்லை. ஆனால் ஹோம் தியேட்டரின் பெரிய வூபர் பெட்டி அப்படி அல்ல. அதன் உள்ளேயே ஆம்பிளிபயரும் டிரான்ஸ்பார்மரும் இருக்கின்றன. வீட்டு மின்சாரம் நேராக அதற்குள் போகிறது. சுவரில் செருகும் வயர் எந்தப் பெட்டியில் இருக்கிறதோ, அந்தப் பெட்டியை வீட்டில் திறக்கக் கூடாது.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள பெரிய கப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். பழைய வால்வு ரேடியோவில் 200 வோல்ட்டுக்கு மேலேயே இருக்கும். அதில் கை வைப்பது மெக்கானிக்கின் வேலை.

புளூடூத் ஸ்பீக்கரில் வேறு ஆபத்து. உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரி. பெட்டி உப்பியிருந்தால், சார்ஜ் போடும்போது அதிகமாகச் சுட்டால், உடனே சார்ஜரைப் பிடுங்கி வெளியே வைத்து விட வேண்டும். குத்துவது, அமுக்குவது, சூடு காட்டுவது எதுவும் கூடாது. தீப்பிடிக்கும். சவுண்டைக் கூட்டினால் மட்டும் விட்டு விட்டுப் பாடுகிற புளூடூத் ஸ்பீக்கரில், பெரும்பாலும் பேட்டரிதான் பலம் இழந்திருக்கும். ஸ்பீக்கர் நன்றாகவே இருக்கும்.

மெக்கானிக்கிடம் கேளுங்கள்

கடைக்குக் கொண்டு போகிறவர்கள் சும்மா கொடுத்து விட்டு வரக் கூடாது. 5 விஷயங்களைக் கேட்டுக் கொள்ள வேண்டும்.

1. "மீட்டர்ல எத்தனை ஓம்ஸ் காட்டுது?" முன்னாலேயே வைத்துக் காட்டச் சொல்லலாம். நல்ல மெக்கானிக் கோபப்பட மாட்டார்.

2. "போனது ஸ்பீக்கரா, ஆம்பிளிபயரா?"

3. "புதுசாப் போடறது அதே ஓம்ஸ்தானுங்களா?" 8 ஓம்ஸ் இருந்த இடத்தில் 4 ஓம்ஸ் போட்டால் ஆம்பிளிபயருக்குப் பாரம் கூடும்.

4. "மொத்தம் எவ்வளவு ஆகும்?" வேலை தொடங்கும் முன்பே துண்டுச் சீட்டில் எழுதி வாங்க வேண்டும்.

5. "கழட்டின பழைய சாமானைக் குடுத்திருங்க." மாற்றியதாகச் சொல்லி மாற்றாமல் விடுவதற்கு இது பூட்டு.

கியாரண்டிக் காலம் முடியாத பெட்டியை எந்தக் காரணத்துக்காகவும் வீட்டில் திறக்கக் கூடாது. சீல் உடைந்தால் கம்பெனி கையை விரித்து விடும்.

சட்டம் பக்கபலம்

வாங்கிய பெட்டி கியாரண்டியில் இருந்தும் பழுது பார்த்துத் தர மறுத்தால், 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்து சொல்லலாம். பில் கையில் இருப்பது அவசியம்.

"உதிரிப் பாகம் இல்லை, புதுசு வாங்குங்கள்" என்று கம்பெனிகள் சொல்வது நாடு முழுவதும் பேச்சானது. பழுது பார்க்கும் விவரங்களை மக்களுக்குத் தெரிவிப்பதற்காக, "பழுது பார்க்கும் உரிமை" என்ற பெயரில் ஓர் இணையதளத்தை மத்திய அரசு 2022-ம் ஆண்டு டிசம்பர் 24-ந் தேதி தொடங்கியது.

உண்மையிலேயே பிழைக்காத பெட்டியைக் குப்பையில் போடக் கூடாது. ஈயமும் பேட்டரியும் மண்ணைக் கெடுக்கும். மின்னணுக் கழிவுகளுக்கான புதிய விதிகள் 2023 ஏப்ரல் 1-ந் தேதி அமலுக்கு வந்தன. அந்தக் கழிவை வாங்குவதற்கு அனுமதி பெற்ற நிறுவனங்களிடமே கொடுக்க வேண்டும்.

கொடுப்பதற்கு முன் ஒரு வேலை. பழைய பெட்டியின் காந்தம் கனமாக, கோன் முழுசாக இருந்தால், ஸ்பீக்கரை மட்டும் கழற்றி எடுத்து வைத்துக் கொள்ளலாம். பின்னால் ஓம்ஸ் எவ்வளவு என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டி வைத்தால், அடுத்த பெட்டி ஊமையாகும் நாளில் அது கை கொடுக்கும்.